அக்கரைக்குப் போன காசு

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகச் செல்லும் பாதை நோர்வூட்டை அடைந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மஸ்கெலியாவுக்குப் போகிறது; மற்றொன்று பொகவந்தலாவைக்கு ஏறுகிறது. அவ்விரு கிளைகளின் ஓரத்திலும் உள்ள தோட்டங்களில் ‘ஊர்’ என்னும் சொல்லுக்கு நெடுங்காலம் ஒரு தனிப்பொருள் வழங்கிவந்தது. பிறந்தது லயத்தில், வளர்ந்தது தேயிலை மலையில் என்றாலும், ‘ஊர்’ என்றால் அது திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலோ, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலோ உள்ள ஏதோவொரு கிராமந்தான். ‘ஊருக்குக் காசு அனுப்ப வேண்டும்’ என்ற பேச்சு எழாத லயம் அந்நாளில் இருந்திருக்க முடியாது. அந்தக் காசு கடல் கடந்த கதையும், கடக்க முடியாது நின்ற கதையும், பின்னர் திசை மாறிய கதையும் மலையகத்தின் வரலாறேயாகும்.

கோப்பிக் காலத்தில் காசை அனுப்ப வேண்டிய தேவையே பெரிதும் எழவில்லை. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் ஆள் மிகுதியாகத் தேவைப்பட்டது. ஆகையால் ஆண்கள் கடல் கடந்து, காட்டு வழியே கால்நடையாக மலைக்கு வந்து, பருவம் முடிந்ததும் மிஞ்சிய கூலியை மடியில் முடிந்துகொண்டு திரும்பினார்கள். வழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பலியானவர்களின் மடிக்காசு என்ன ஆயிற்று என்பதை எந்தக் கணக்கேடும் சொல்வதில்லை. 1869இல் கோப்பிச் செடியைப் பூஞ்சண நோய் தாக்கிற்று. அடுத்து வந்த தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. பறிக்கும் கைகளும் ஆண்டு முழுவதும் வேண்டும். குடும்பங்கள் லயங்களில் தங்கலாயின. உழைப்பவர் இங்கும் பெற்றோர் அங்குமாகப் பிரிந்த பின்னரே, காசு தனியாகப் பயணம் செய்யத் தொடங்கிற்று.

அப்பயணத்தின் முதல் தடை கடல் அன்று; கடன். கிராமத்தில் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, தோட்டத்தில் பற்று எழுதிய அரிசி யாவும் தொழிலாளியின் பெயரில் ஏறின. கூலி கைக்கு வருமுன்னே கழிவுகள் நின்றன. ‘துண்டு’ என்ற சீட்டு இக்கடனைத் தோட்டந்தோறும் பின்தொடரச் செய்தது. கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் அச்சீட்டைக் காட்டி, புதிய தோட்டத்தில் அதைவிடப் பெருந்தொகை பெற்றுப் பழைய கடன் அடைக்கப்பட்டது. ஆள் இடம் மாறினார், கடன் வளர்ந்தது. 1921ஆம் ஆண்டின் சட்டம் இம்முறையை ஒழித்தது.

கங்காணிக்கோ தலைக்காசும் பென்ஸ் காசும் வந்தன. எல்லாக் கங்காணிமாரும் செல்வராகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அக்கரைக்குக் கணிசமான பொருள் கொண்டுசென்று நிலம் வாங்கியோர் அவர்களுள்ளேயே மிகுதி. இன்றைய சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த கருப்பையா என்பார் தொழிலாளியாக வந்து, கங்காணியாகி, இறம்பொடைப் பகுதியில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். அவருடைய மகன் 1913இல் அந்த ஊரிலே பிறந்து, பின் இலங்கை வந்து, தொழிற்சங்கத் தலைவரானார். அவரே சௌமியமூர்த்தி தொண்டமான்; நோர்வூட் விளையாட்டரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உழைத்தவர் காசு இன்னொருவர் கையில் தங்கிப்போவது இலங்கைக்கு மட்டும் உரிய விந்தையன்று. 1942இல் அமெரிக்காவின் வயல்களுக்கு ஒப்பந்தத்தில் சென்ற மெக்சிக்கோ நாட்டுத் தொழிலாளரின் கூலியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு சேமிப்பாகப் பிடிக்கப்பட்டது. ஊர் திரும்பியதும் வங்கியில் பெறலாம் என்றார்கள். பலர் அதைக் கண்ணாலும் காணவில்லை, முதுமையில் வழக்காடினார்கள்.

1927இன் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோது, உயர்மலைப் பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் கிடைத்தன. உலகப் பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. இதிலிருந்துதான் கிராமத்துக் கடனும் தங்கையின் தாலியும் அம்மன் கோயில் வரியும் நிறைவேற வேண்டும். 1939 ஆகஸ்டு முதலாம் நாள் தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதை இந்திய அரசு தடுத்தது. ஊருக்குப் போனால் திரும்ப முடியுமோ என்ற ஐயம் எழுந்தது. ஆள் போகாத இடத்துக்கு மணியார்டர்தான் போகவேண்டியதாயிற்று.

இங்கேதான் அந்தச் சிறு தொகைகளுக்கு ஓர் அரசியல் பொருள் ஏறிற்று. காசை இந்தியாவுக்கு அனுப்புகிறவர் இந்நாட்டில் நிலைத்த பற்றுடையவரல்லர் என்ற வாதம் வலுத்தது. தாய்க்கு ஐந்து ரூபாய் அனுப்பிய மகன், அதனாலேயே அந்நியனாக எண்ணப்பட்டான். அவன் உழைப்பில் விளைந்த தேயிலையின் இலாபம் இலண்டன் பங்குதாரர்களுக்குச் சென்றதைப் பற்றி அத்தனை ஆரவாரம் எழவில்லை! 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1953இன் நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டுக்குப் பணம் செல்லும் வழியை அனுமதிக்குள் அடக்கியது.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகள் எண்ணப்பட்டன. எஞ்சியோர் முடிவு பின்னுக்கு விடப்பட்டது. போகிறவர் ஊழியர் சேமலாப நிதியையும் உபகாரப் பணத்தையும் உடன் கொண்டுசெல்லலாம். அதற்குரிய உச்சவரம்பு குடும்பத்துக்கு 4,000 ரூபாய்க்குக் குறைக்கப்படாது என்றும் அவ்வொப்பந்தத்தில் இடம்பெற்றது. தலைமுறைகள் உழைத்த உழைப்பு கடைசி முறையாகக் கடல் கடந்த அளவுகோல் அது. ஹட்டன் நிலையத்திலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றார்கள். அண்ணன் நீலகிரியிலும் தம்பி நோர்வூட்டிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன.

இருந்தவர்களுக்கும் உடனே வழி திறக்கவில்லை. பிரசாவுரிமை இல்லாதவருக்குக் கடவுச்சீட்டு ஏது? 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களே நாடற்ற நிலையைத் தீர்த்தன. கடவுச்சீட்டுக் கிடைத்தபின் தோட்டத்துப் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்குச் சென்றார்கள். அக்கரைக்குப் போன காசு இப்பொழுது அக்கரையிலிருந்து லயத்துக்கு வரலாயிற்று. அதற்குரிய விலையைப் பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் கொடுக்கிறார்கள் என்பது கணக்கில் சேர்வதில்லை.

2020இல் இலங்கைக்கு வெளிநாட்டு உழைப்பாளர் அனுப்பிய தொகை ஏறத்தாழ 710 கோடி டாலர். 2022இல் அது 379 கோடியாக வீழ்ந்தது. டாலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 ரூபாய் என்று வங்கி விலையை அரசு கட்டிவைத்திருந்த வேளையில், ‘உண்டியல்’ வழியாக அனுப்பினால் கூடுதலாகக் கிடைத்தது. காசு அவ்வழியே சென்றது. ஒருகாலத்தில் இந்தக் காசு வெளியே போகிறதென்று குறைகூறிய நாடு, அது வரவில்லையே என்று வருந்திய ஆண்டு அது.

தீபாவளிக்கு முன்னைய நாட்களில் கொழும்புக் கோட்டையில் ஹட்டன் பேருந்துகளுக்கு இளைஞர்கள் மூட்டைகளுடன் காத்துநிற்கிறார்கள். எங்கே பயணம் என்று கேட்டால், ‘ஊருக்கு’ என்கிறார்கள். அவர்கள் சொல்லும் ஊர் நோர்வூட்.