இனிப்பிலிருந்து புளிப்புக்கு: ஆஸ்திரிய வெள்ளை ஒயின் ரசனையின் வரலாறு

முன்னுரை

ஆஸ்திரியாவின் திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் நாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ளன. ஹங்கேரிச் சமவெளியிலிருந்து வரும் வெப்பக் காற்று பழத்தைக் கனியவைக்க, குளிர்ந்த இரவுகள் அதன் புளிப்பைக் காக்கின்றன. இன்று அந்நாட்டு வெள்ளை ஒயினின் சிறப்பாக ரசிகர்கள் போற்றுவது இப்புளிப்பையே. 1985-இல் வெடித்த கலப்பட விவகாரமே ஆஸ்திரியர்களை இனிப்பிலிருந்து புளிப்பை நோக்கித் திருப்பியது என்பது பரவலான கருத்து. மாற்றத்தின் வேர்கள் அதற்கு முந்தையவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சர்க்கரை என்னும் அளவுகோல்

தோட்டக்காரர்கள் தாம் விளைவித்த ஒயினைத் தாமே விற்றுக்கொள்ளும் உரிமையை 1784-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் ஆணை வழங்கியது. 'ஹொய்ரிகர்' என்னும் எளிய மதுக்கூடங்கள் அதன்பின் பெருகின. அங்கு ஊற்றப்பட்டது அவ்வாண்டின் இளம் ஒயின். தரத்தை எண்ணால் குறிக்கும் வழக்கம் வேறிடத்தில் பிறந்தது. க்ளோஸ்டர்நொய்பர்க்கில் 1860-இல் ஒயின் பள்ளியைத் தொடங்கிய ஆகுஸ்ட் வில்ஹெல்ம் ஃபோன் பாபோ, திராட்சைச் சாற்றின் சர்க்கரையை எடை விழுக்காட்டில் காட்டும் அளவுகோலை உருவாக்கினார். தர வகைகளைப் பிரிக்கும் சட்டம் பின்னாளில் இதையே அடிப்படையாகக் கொண்டது. சர்க்கரை மிகுந்த சாறே உயர்ந்தது என்ற எண்ணம் சந்தையிலும் வேரூன்றியது.

நுரைக்கும் ஒயினின் தனிப்பாதை

இதற்கு நேர்மாறான தேவை ஒன்று முன்பே இருந்தது. பிரான்சின் ரேம்ஸ் நகரில் ருயினார் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் ஷ்லும்பெர்கர், வியன்னாவுக்குத் தெற்கேயுள்ள ஃபோஸ்லாவில் 1842-இல் ஷாம்பெயின் முறையைப் பின்பற்றத் தொடங்கினார். இம்முறையில் அடிப்படை ஒயினுடன் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் அடைப்பர். உள்ளே மீண்டும் நொதிக்கும்போது எழும் கரியமில வாயு வெளியேற வழியின்றி ஒயினிலேயே கரைகிறது. புளிப்புக் குறைந்த அடிப்படை ஒயின் இங்கே சோபிக்காது. ஆகவே பழத்தைச் சற்று முன்னரே பறிப்பர். வெல்ஷ்ரீஸ்லிங், க்ரூனர் வெல்ட்லீனர் ஆகிய திராட்சை வகைகள் 'செக்ட்' எனப்படும் இவ்வகைக்கு ஏற்றவையாக விளங்குவது இதனால்தான்.

1983-உம் 1985-உம்

டான்யூப் கரையின் செங்குத்தான கல்லடுக்குத் தோட்டங்களைக் கொண்ட வாஹாவ் பகுதியினர் 1983-இல் 'வினேயா வாஹாவ்' சங்கத்தை நிறுவினர். சாற்றில் சர்க்கரை சேர்ப்பதைத் தவிர்த்து, இனிப்பற்ற ஒயினையே தம் அடையாளமாக்கினர். ஆல்கஹால் 11.5 விழுக்காட்டைத் தாண்டாத மெல்லிய ஷ்டைன்ஃபேடர், இடைப்பட்ட ஃபேடர்ஷ்பீல், 12.5 விழுக்காட்டில் தொடங்கும் திண்மையான ஸ்மரக்ட் என மூன்று வகைகள் நிலைபெற்றன.

இரண்டு ஆண்டுகள் கழித்து, சில வணிகர்கள் மெலிந்த ஒயினுக்கு இனிப்பும் திண்மையும் காட்ட டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளைக் கலந்தது அம்பலமானது. சர்க்கரைக்கு விலை வைத்த சந்தையில், இனிப்பைப் போலியாகக் காட்டுவது இலாபமாக இருந்திருக்கிறது. ஏற்றுமதி சரிந்தது. அதே ஆண்டு கடுமையான ஒயின் சட்டம் வந்தது. 1986-இல் ஒயின் சந்தைப்படுத்தும் நிறுவனம் உருவானது. வாஹாவினர் வகுத்திருந்த பாதைக்கு நாடு முழுவதும் மதிப்புக் கூடியது இச்சூழலில்தான்.

நிலத்தின் பெயரால் தரம்

அடுத்த கட்டத்தில் தரம் நிலத்தோடு இணைந்தது. 2002 விளைச்சலிலிருந்து 'வைன்ஃபியர்டெல் டிஏசி' என்ற பெயர், அப்பகுதியின் இனிப்பற்ற, மிளகு வாசம் கொண்ட க்ரூனர் வெல்ட்லீனருக்கே உரியதாயிற்று. அவ்வாசத்துக்குக் காரணமான ரோட்டண்டோன், கருமிளகிலும் உள்ள சேர்மமே. செக்டுக்கும் மூன்று தரப்படிகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் முதற்படி குறைந்தது 9 மாதமும், 'ரிசர்வ்' 18 மாதமும் ஈஸ்ட் வண்டலோடு முதிர வேண்டும்.

முடிவுரை

ஆகவே 1985 ஒரு தொடக்கமன்று. செக்ட் தயாரிப்பாளர்களும் வாஹாவினரும் முன்பே கண்டிருந்த மதிப்பீட்டை அந்நெருக்கடி பொதுவாக்கியது. இனிப்பும் அதனால் ஒழிந்துவிடவில்லை: நொய்சீட்லர் ஏரிக்கரையின் ரூஸ்ட் நகரில் இயற்கையாகச் சர்க்கரை செறிந்த ஒயின் இன்றும் புகழோடு விளைகிறது. அதன் தித்திப்பு திகட்டாமல் காப்பதும் புளிப்பே என்பதால், அது இவ்வரலாற்றுக்கு விதிவிலக்கன்று.