ரோலர் கோஸ்டரில் யார் ஏறலாம்? ஒரு சிறு வரலாறு



பெருநாள் விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கேளிக்கைப் பூங்காவுக்குப் போவது இப்போது பலருக்கு வழக்கமாகிவிட்டது. வளைகுடாவில் தொழில் செய்யும் நம் ஊர்ச் சகோதரர்கள் பிள்ளைகளோடு ரோலர் கோஸ்டரில் ஏறிக் கத்தும் வீடியோக்களை அனுப்புகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. அந்த வண்டி எங்கிருந்து வந்தது, அதில் ஏற யாருக்கு அனுமதி இருந்தது, யாருக்கு இருக்கவில்லை என்பது நம் பிள்ளைகள் அறிய வேண்டிய வரலாறு. கொஞ்சம் நீண்ட பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

கதை ரஷ்யாவின் பனியில் தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே அங்கே மரத்தால் உயரமான சரிவுகளைக் கட்டி, அதன்மேல் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, சறுக்கி விளையாடினார்கள். பிறகு இந்த விளையாட்டு பிரான்சுக்குப் போனது. 1817இல் பாரிசில் சக்கரம் பூட்டிய வண்டிகள் தடத்தை விட்டு விலகாதபடி ஓடின. இன்றும் பிரெஞ்சு மொழியில் ரோலர் கோஸ்டருக்கு "ரஷ்ய மலைகள்" என்றுதான் பெயர். வேடிக்கை என்னவென்றால், ரஷ்யர்கள் அதை "அமெரிக்க மலைகள்" என்கிறார்கள்!

அமெரிக்காவில் இதன் ஆரம்பம் விளையாட்டல்ல, உழைப்பு. பென்சில்வேனியா மாநிலத்தின் மோக் சங்க் என்ற ஊரில், மலைமேல் இருந்த சுரங்கத்திலிருந்து நிலக்கரியைக் கீழே ஆற்றங்கரைக்குக் கொண்டுவர 1827இல் ஒரு தண்டவாளம் போட்டார்கள். நீளம் சுமார் 14 கிலோமீற்றர். எஞ்சின் கிடையாது. நிலக்கரி வண்டிகள் சரிவில் தானாகவே இறங்கும். கோவேறு கழுதைகளும் ஒரு வண்டியில் ஏறிக் கீழே வரும். பிறகு வெறும் வண்டிகளை அவையே மேலே இழுத்துச் செல்லும். அந்த வேகத்தை அனுபவிக்க ஆட்கள் காசு கொடுத்து ஏறத் தொடங்கினார்கள். 1870களில் நிலக்கரிக்கு வேறு பாதை கிடைத்ததும், அது முழுக்க உல்லாசப் பயணிகளின் ரயிலானது.

அடுத்துப் பேசவேண்டியவர் லமார்கஸ் தொம்சன். இவர் 1884இல் நியூயோர்க்கின் கோனி தீவுக் கடற்கரையில் ஒரு மரத் தண்டவாளம் அமைத்தார். நீளம் சுமார் 180 மீற்றர். வேகம் மணிக்கு 10 கிலோமீற்றர் அளவுதான், நம் ஊரில் நிதானமாகச் சைக்கிள் மிதிக்கும் வேகம்! கட்டணம் 5 சதம். வாரம் முழுதும் தொழிற்சாலையில் வேலை செய்த கூலித் தொழிலாளிக்கும் எட்டக்கூடிய காசு அது. சனம் வரிசையில் நின்றது. போட்ட முதலைச் சில வாரங்களிலேயே எடுத்துவிட்டார்.

பிறகு ட்ராம் கம்பனிகள் இதில் இறங்கின. வார இறுதியில் வண்டிகள் காலியாக ஓடக்கூடாது என்பதற்காக, ட்ராம் பாதையின் கடைசித் தரிப்பிடத்தில் பூங்காக்களைக் கட்டின. உம்மா, வாப்பா, பிள்ளைகள் என்று முழுக் குடும்பமும் ஒரு நாளைக் கழிக்கும் பழக்கம் இப்படித்தான் பரவியது.

பாதுகாப்பு மெதுவாகத்தான் வந்தது. 1895இல் கோனி தீவில் முழு வட்டமாகச் சுழலும் ஒரு தடம் இருந்தது. வேகமாக வரும் வண்டி வட்டத்துக்குள் நுழையும்போது உடல்மேல் திடீரென்று பெரும் விசை விழும். ஏறியவர்களின் கழுத்து நொந்தது, அது நிலைக்கவில்லை. 1919இல் ஜோன் மில்லர் என்ற பொறியியலாளர், தண்டவாளத்தின் கீழ்ப்பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும் சக்கரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி மேலெழும்பிப் பறக்காமல் காப்பது அந்தச் சக்கரங்கள்தான். 1959இல் டிஸ்னிலாந்தில் உருக்குக் குழாய்த் தண்டவாளம் வந்தது. 1976இல் கலிபோர்னியாவில் வட்டத்துக்குப் பதிலாகக் கண்ணீர்த்துளி வடிவத்தில் சுழற்சியை அமைத்தார்கள். விசை படிப்படியாக ஏறுவதால் கழுத்து தப்பியது. 2010இல் அபூதாபியில் திறக்கப்பட்ட ரோலர் கோஸ்டரின் வேகம் மணிக்கு 240 கிலோமீற்றர். திறந்தபோது உலகிலேயே வேகமானது அதுதான்.

இவ்வளவும் பொறியியல் வரலாறு. இதற்குள் இன்னொரு வரலாறு இருக்கிறது.

5 சதம் கையில் இருந்தாலும் எல்லோராலும் ஏற முடியவில்லை. அமெரிக்காவின் பல பூங்காக்களில் கறுப்பினக் குடும்பங்களுக்கு அனுமதி இல்லை. சில இடங்களில் வருடத்தில் ஓரிரு நாட்கள் மட்டும் விட்டார்கள். தெற்கு மாநிலங்களில் மட்டுமல்ல, வடக்கிலும் இதே நிலைதான். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பேர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் இதைக் குறிப்பிடுகிறார். தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்த பூங்காவுக்கு ஏன் போக முடியாது என்று கேட்கும் ஆறு வயது மகளுக்கு ஒரு தகப்பன் என்ன பதில் சொல்வது? பெரிய அரசியல் வாதங்களுக்கு நடுவில் அவர் இந்தச் சின்னக் கேள்வியையும் வைத்தார்.

பால்டிமோர் நகருக்கு அருகில் க்வின் ஓக் என்றொரு பூங்கா. "எல்லா நாடுகளின் நாள்" என்று விழா எடுத்த அதே பூங்கா, கறுப்பினத்தவரை உள்ளே விடவில்லை. 1955இலிருந்து அங்கே எதிர்ப்பு நடந்தது. 1963 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று, கத்தோலிக்க, புரொட்டஸ்தாந்து, யூத மதகுருமார் உட்பட 280க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கறுப்பர், வெள்ளையர் இரு சாராரும் அதில் இருந்தார்கள். கடைசியில் ஓகஸ்ட் 28ஆம் திகதி பூங்கா எல்லோருக்கும் திறக்கப்பட்டது. வொஷிங்டனில் கிங் தன் கனவைப் பற்றி உரையாற்றிய அதே நாள். அன்று ஒரு வயதும் நிரம்பாத கறுப்பினப் பெண் குழந்தையொன்றைத் தகப்பன் குதிரை இராட்டினத்தில் ஏற்றினார். அந்த இராட்டினம் பின்னர் வொஷிங்டனின் தேசிய வெளிக்குக் கொண்டு வரப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளை விளையாடுவதற்காக மதகுருமார் சிறைக்குப் போயிருக்கிறார்கள். "இது வெறும் விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் சண்டை" என்று அவர்கள் நினைக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் சிரிக்கும் இடத்தில் தன் பிள்ளை வேலிக்கு வெளியே நிற்பதைக் காண்பது எந்தப் பெற்றோருக்கும் சின்ன விடயமல்ல.

ஓர் ஆசிரியனாக நான் கேட்பது இவ்வளவுதான். பாடசாலைச் சுற்றுலாவுக்குப் பெயர் எடுக்கும்போது, "எனக்கு வாந்தி வரும் சேர்", "வீட்டில் வேலை இருக்கு சேர்" என்று சொல்லிப் பின்வாங்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. பலருக்கு உண்மைக் காரணம் காசு. நம் ஊரில் யாரும் வாசலில் நின்று தடுப்பதில்லை, பட்டியலில் பெயர் இல்லாமல் போவதுதான் நடக்கிறது. பெற்றோரும் பழைய மாணவர்களும் சேர்ந்து, யாருக்கு உதவினோம் என்று வெளியே தெரியாமல் அந்தக் கட்டணத்தைப் பொறுப்பெடுக்கலாம். ஒரு பஸ்ஸுக்கு நாலைந்து பிள்ளைகள் என்றால் பெரிய தொகை இல்லை.

உங்கள் பிள்ளையின் வகுப்பில் அப்படி யாராவது இருந்தால், அடுத்த சுற்றுலாவுக்கு முன் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். பெயரை மட்டும் இங்கே கொமண்டில் எழுத வேண்டாம்.