தோட்டத்து வீடும் பண்டிகை அலங்காரமும்

புரட்டாசியில் நவராத்திரி தொடங்கிவிட்டால், தைப் பொங்கல் முடியும் வரையில் நம் வீடுகளின் வாசலுக்கு ஓய்வில்லை. ஆயுத பூசை, தீபாவளி, கார்த்திகை விளக்கீடு, மார்கழிக் கோலம், கிறிஸ்துமஸ், போகி, பொங்கல் என்று நான்கு மாதங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பண்டிகைகள் வந்துவிடுகின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே மாதங்கள்தாம் இலையுதிர் காலமும் குளிர்காலமும் ஆகும். அங்கேயும் வீட்டு அலங்காரம் மாதத்திற்கு மாதம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு பண்டிகைக்கும் எல்லாவற்றையும் புதிதாக வாங்குவதென்றால் எந்தக் குடும்பத்தின் கைப்பொருளும் தாங்காது. ஒரே வீட்டை, இருக்கிற பொருளைக் கொண்டு, பண்டிகைக்குப் பண்டிகை எப்படி மாற்றி அழகு செய்வது? இந்தக் கேள்விக்குக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய நம் மக்கள் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக விடை கண்டு வந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றை இப்போது காண்போம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங் மலைத்தொடரை ஆராய்ந்தார். அவர் பெயரே இம்மலைக்கு நிலைத்தது. ஆயினும் அதன்பின் நாற்பது ஆண்டுகள் அது பெரும்பாலும் காடாகவே இருந்தது. 1920களின் நடுப்பகுதியில் ஆங்கிலேய ஆட்சியினர் இதனை ஒரு மலைவாசத் தலமாக்க முற்பட்டனர். தாப்பாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம் வளைந்து வளைந்து ஏறும் சாலை 1930களின் தொடக்கத்தில் தானா ராத்தாவை எட்டியது. மலாய் மொழியில் தானா ராத்தா என்றால் சமநிலம் என்று பொருள். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டவும், சரிவுகளில் செடி நடவும், கொழுந்து பறிக்கவும் பெருந்தொகையாகத் தமிழ்த் தொழிலாளர் வந்து சேர்ந்தனர்.

அக்காலத்தில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்கள் கங்காணிமார்கள். உதவிப் பயணத்தில் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்யும் வரையில் இந்த வரவு நீடித்தது. கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவர முடிந்தது ஒரு மூட்டை துணிமணியும் சில பாத்திரங்களுந்தான். ஆனால் மூட்டையில் அடங்காத ஒன்றையும் அவர்கள் கொண்டுவந்தனர். அதுதான் கைப்பழக்கம். புள்ளி வைத்துக் கோலமிடும் விரலும், ஓலையை மடித்துத் தோரணம் பின்னும் கையும், பூத்தொடுக்கும் பழக்கமும் அவர்களோடு வந்தன.

இந்தப் பழக்கம் மிகத் தொன்மையானது. கார்த்திகை முழுநிலவு நாளில் தெருவில் விளக்கேற்றி மாலை தொங்கவிட்ட செய்தியை அகநானூற்றின் 141ஆம் பாடல் கூறுகிறது. மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திர விழாவிற்காக ஊரை அழகு செய்யும்படி முரசறைபவன் மக்களைக் கேட்டுக்கொள்கிறான். நிறைகுடம் வையுங்கள், பாவை விளக்கு ஏற்றுங்கள், குலையோடு கூடிய கமுகும் வாழையும் கரும்பும் நடுங்கள், பழைய மணலை மாற்றிப் புதிய மணல் பரப்புங்கள் என்பது அந்த அறிவிப்பின் சாரம்.

இந்தப் பட்டியலைச் சற்றே கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பெரும்பாலானவை வாடுகின்றவை, அல்லது அணைகின்றவை, அல்லது கூட்டித் தள்ளப்படுகின்றவை. நம் முன்னோரின் அலங்காரம் சுவரோடு ஒட்டிப் பிறந்ததன்று. அன்றைக்குச் செய்து, அன்றைக்கு மகிழ்ந்து, மறுநாள் அகற்றிவிடுவது அது. ஆகையால் பண்டிகைக்குப் பண்டிகை மாற்றுவது அதன் இயல்பிலேயே அடங்கியிருக்கிறது. வீடு மாறினாலும் நாடு மாறினாலும் அது கூடவே வரக்கூடியது.

இந்த இயல்பு தோட்டத்துத் தமிழர்க்கு எவ்வளவு உறுதுணையாக இருந்தது என்பதை அறிய, அவர்கள் வாழ்ந்த லயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே தகரக் கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட வீடுகள். முன்னால் ஒரு சிறிய அஞ்சடி, உள்ளே ஓர் அறை, பின்னால் விறகடுப்பு. அந்த வீடு குடியிருந்தவருடையதன்று, தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். இப்படி நாளை நமதா என்று தெரியாத ஒரு வீட்டில், வாசலைப் பெருக்கி ஒரு கோலமிடுவது வெறும் அழகு மட்டுமன்று. இன்றைக்கு இது எங்கள் வீடு என்று சொல்லும் சொல்லும் அதுதான். பகலெல்லாம் பிரட்டுக் களத்தின் கணக்கில் ஓர் எண்ணாக நின்றவர்கள், பண்டிகையன்று வீட்டுக்குடையவர்களாக நின்றனர்.

மலை தன் பங்கிற்குச் சில தடைகளை வைத்தது. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாவும் தென்னையும் வெப்பத்தை விரும்பும் மரங்கள். இந்தக் குளிரில் அவை செழிப்பதில்லை. மாவிலையும் குருத்தோலையும் வேண்டுமென்றால் தாப்பாப் பக்கத்திலிருந்து லாரியில் வர வேண்டும். வராத ஆண்டில் அங்கே கிடைத்த தழையையும் பூவையும்தான் நாட வேண்டும். நல்ல வேளையாக மலை பூவுக்குப் பஞ்சம் வைக்கவில்லை. செவ்வந்தியும் ரோஜாவும் அங்கே செழித்து வளர்கின்றன. பின்னாளில் பூச்சாகுபடியே அம்மலையின் பெருந்தொழில்களுள் ஒன்றாயிற்று.

விளக்கு எண்ணெயிலும் ஒரு நுட்பம் உண்டு. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திற்குக் கீழே உறைந்துவிடும். இம்மலையில் இரவு வெப்பம் 15 பாகை அளவிற்கும் இறங்குவதுண்டு. சமவெளியில் எரிகிற தேங்காயெண்ணெய் விளக்கு இங்கே கட்டியாகிவிடும். நல்லெண்ணெயோ இந்தக் குளிரில் உறையாது. ஆகவே இவ்விடத்துக் கார்த்திகை விளக்கிற்கு அதுவே பொருத்தம்.

அடுத்தது மழை. அக்டோபர், நவம்பர் மாதங்கள் அங்கே பெருமழைக் காலமாகும். தீபாவளியும் கார்த்திகையும் இதற்குள்தான் வருகின்றன. முற்றத்தில் உலர்ந்த மாவால் இட்ட கோலத்தை ஒரு தூறல் கரைத்துவிடும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கோலத்தை அஞ்சடியின் கூரைக்கு உள்ளே கொண்டுவருவது. மற்றொன்று, ஊறவைத்த அரிசியை அரைத்து, அந்த ஈரமாவால் சிமெண்டுத் தரையில் மாக்கோலம் இடுவது. அது காய்ந்து பிடித்துக்கொள்ளும். மலேசியாவில் பின்னர் வேரூன்றிய வண்ண அரிசிக் கோலமும் இவ்வாறு கூரைக்கு உள்ளே வாழும் கோலமே. இன்று பேரங்காடிகளிலும் மண்டபங்களிலும் தீபாவளிக் காலத்தில் தோகை விரித்த மயிலாக நாம் காண்பது அதனைத்தான்.

இடையே கொடிய காலங்களும் வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தனர். 1945 வரையில் நீடித்த அவர்கள் ஆட்சியில் அரிசி அரிதாகி, மக்கள் மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பி வரவில்லை. சோற்றுக்கு அரிசியில்லாத வீட்டில் அரிசிமாக் கோலம் ஏது? பின்னர் 1948 முதல் 1960 வரை அவசரகாலம். ஊரடங்கு நடந்த இடங்களில் மாலை விளக்கோடு பண்டிகை முடிந்தது. ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பும் ஓர் அகலும் இருந்தால் வாசலைப் பண்டிகை வாசலாக்கலாம் என்னும் சிக்கனம், இப்படிப்பட்ட காலங்களைக் கடந்து வந்ததாகும்.

இதே மலையில் இன்னொரு பண்டிகை மரபும் வாழ்ந்தது. ஆங்கிலேயர் இங்கே தங்கள் நாட்டைப் போலவே கணப்பு அடுப்புகளோடு வீடுகள் கட்டினர். டிசம்பரில் துரை பங்களாக்களில் கிறிஸ்துமஸ் மரம் நின்றது. அந்த மரமும் இங்கிலாந்திற்குக் குடியேறிய வழக்கமே. ஜெர்மானிய நாட்டு வழக்கமான அது, 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் ஒரு லண்டன் பத்திரிகையில் வெளிவந்த பிறகே ஆங்கிலேயரிடம் பரவலாயிற்று. 1882இல் நியூயார்க்கில் எட்வர்ட் ஜான்சன் என்பவர் அம்மரத்தில் முதன்முதலாக மின்விளக்குகளைச் சுற்றினார். இன்று தீபாவளிக்கு நாம் சன்னலில் தொங்கவிடும் மின்விளக்குச் சரத்தின் மூதாதை அதுவேயாகும்.

தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளில் மூங்கில் சீவிக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரக் கூடு வாசலில் தொங்கும். தீபாவளிக்குக் கத்தரித்த வண்ணத்தாளின் மீதி, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்திற்கு ஆகும். அண்டை வீட்டார் இருவர் ஒரே தாளைப் பகிர்ந்துகொள்ள முடிந்தது என்பதில் ஒரு சமுதாய வரலாறே அடங்கியிருக்கிறது.

பொருள் மாறினாலும் பண்டிகை மாறாது என்பதற்கு உலகத்திலும் சான்று உண்டு. அயர்லாந்து மக்கள் அக்டோபர் இறுதிநாள் இரவில் ஒருவகைக் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தனர். அமெரிக்காவிற்குக் குடியேறியதும் அங்கே தாராளமாய்க் கிடைத்த பரங்கிக்காயைக் குடைந்தனர். இன்று உலகம் அறிந்திருப்பது பரங்கிக்காயைத்தான். நம்மிடமோ அதே இனத்துப் பூ, மார்கழிக் கோலத்தின் நடுவில் அமர்கிறது!

நாடு 1957இல் விடுதலை பெற்றது. தோட்ட வாழ்வும் மெல்ல மாறிற்று. 1990இல் இயற்றப்பட்ட தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், தோட்டத்து வீடுகளுக்கு நீரும் மின்சாரமும் வேண்டுமென வலியுறுத்தியது. அதே காலத்தை ஒட்டி லயத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் படித்து, பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். இன்று கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களும் நம் பாட்டன்மாரைப் போலவே ஒரு மூட்டையோடும் தங்கள் கைப்பழக்கத்தோடும் வந்தவர்களே என்பதை நாம் மறக்கலாகாது.

பட்டணத்து அடுக்குமாடி வீட்டிலும் இடம் குறைவு. வாடகை வீடானால் ஆணி அடிக்கவும் தயக்கம். ஆகவே லயத்து வாழ்வின் பாடம் இன்றைக்கும் பொருந்தும். அதனை இவ்வாறு தொகுத்துக் கொள்ளலாம். நிலையானவை சிலவற்றை வைத்துக்கொண்டு, மேலே மாறுபவற்றை மாற்ற வேண்டும். வாசற்படிக்கு மேலே ஒரு கயிறு, ஒரு குத்துவிளக்கு, நீர் நிறைந்த ஓர் அகன்ற பாத்திரம், கோலத்திற்கு ஒரு பலகை, மூங்கிற் சட்டம் ஒன்று ஆகிய ஐந்தும் நான்கு மாதமும் இருக்கட்டும்.

ஆயுத பூசைக்கு அந்தப் பலகையில் சந்தனமும் குங்குமமும் இட்ட தொழிற்கருவிகள் அமரும். தீபாவளிக்கு அதன்மேல் வண்ண அரிசி மயில் வரும். பாத்திரத்து நீரில் செவ்வந்தி மிதக்கும். கார்த்திகையில் பூவை எடுத்துவிட்டு அகல்களை வரிசையாக்கலாம். டிசம்பரில் அந்த மூங்கிற் சட்டம் நட்சத்திரக் கூடாகும்; நம் வீட்டில் இல்லாவிட்டாலும் அண்டை வீட்டிற்குக் கொடுக்கலாம். போகியன்று வாடியவற்றை அகற்றி, பொங்கலுக்குக் கயிற்றில் புதுத்தோரணமும் வாசலில் கரும்பும் வைத்தால் சுற்று நிறைவுறும். வண்ண அரிசியை ஒட்டாமல் பரப்பினால், நிறம் பிரித்துப் புட்டியில் சேமித்து அடுத்த ஆண்டிற்கும் பயன்படுத்தலாம்.

இதில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பது மிகவும் அவசியம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தோரணம் பல ஆண்டுகள் வாடாமல் இருக்கும். ஆனால் அதைத் தொங்கவிடும் பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஓலை மடிக்கக் கற்ற கை, ஓலை கிடைக்காத ஊரிலும் தாளை மடிக்கும். சொந்த வீடில்லாத மக்கள் நூறாண்டுக் காலம் தங்கள் வாசலை இழக்காமல் காத்தது அந்தக் கையினால்தான். அதனை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது நம் கடமையாகும்.