டெக் டிக்கெட்டில் கடந்த கடல்

வங்கக் கடலின் இரு கரைகளையும் பிணைத்த வரலாற்றை எழுதப் புகுவோர், மரக்கலம் செலுத்திய வணிகப் பெருமக்களின் பெயர்களோடு தொடங்கி அவர்களோடே முடித்துவிடுகின்றனர். சொந்தக் கப்பலோ சரக்கோ இன்றி, குறைந்த கட்டணச் சீட்டொன்றை மட்டும் நம்பிக் கடல் கடந்தோர் எத்தனை ஆயிரவர்! அவர்களைச் ‘சபராளி’ என்று அழைத்தோம். ஏடுகளில் மட்டும் இடமளிக்க மறந்தோம்.

1786இல் பினாங்குத் தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் சோழமண்டலக் கரையிலிருந்து நம்மவர் அங்குக் குடியேறினர். ‘சூலியா’ என்று குறிக்கப்பட்ட அம்மக்களுக்கென 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. சிங்கப்பூரில் 1826இல் சூலியாப் பள்ளிவாசலும், 1828க்கும் 1830க்கும் இடையே நாகூராரின் நினைவாக ஒரு தர்காவும் எழும்பின. பாய்மரக் கப்பலில் பருவக்காற்றுக்குக் காத்திருந்து சென்ற காலம் அது.

நீராவிக் கப்பல் அந்தக் காத்திருப்பை ஒழித்தது. 1861-62இல் நாகையிலிருந்து தஞ்சை வழியே திருச்சிவரை இருப்புப்பாதை அமைந்ததும், உள்நாட்டு ஊராரும் மூன்றாம் வகுப்பு ரயிலில் துறைமுகம் வந்து சேரலாயினர். நாகையில் கப்பல் கரையை அணைவதில்லை. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலைப் படகிலேறிச் சென்றுதான் அடைய வேண்டும். கரையில் நிற்கும் தாய்க்கும் மனைவிக்கும் அந்தப் படகுதான் கடைசிக் காட்சி.

இவ்வழியில் ஓடிய கப்பல்களுள் முதியோர் நாவில் இன்றும் நிற்கும் பெயர் ‘ரஜூலா’. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காக 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. டெக் பயணிக்கு அறையில்லை, கட்டிலில்லை. விரித்த பாயே வீடு. தலைமாட்டில் வைத்த தகரப் பெட்டியே சொத்து. ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். கடைச் சிப்பந்தியும் ரப்பர்த் தோட்டத் தொழிலாளியும், பள்ளிவாசலுக்குச் செல்வோரும் கோயிலுக்குச் செல்வோரும் ஒரே தட்டில் படுத்துறங்கினர்.

மலிவான சீட்டுக்கு வேறொரு விலையும் உண்டு. தொற்றுநோய் அச்சத்தால் டெக் பயணிகள் பினாங்கருகே ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூரருகே செயின்ட் ஜான்ஸ் தீவிலும் தடுத்து வைக்கப்பட்டனர். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிந்தும் கால் பதிக்க இயலாத அந்நாட்களை எண்ணிப் பார்ப்போமாக!

1973இல் ரஜூலா இவ்வழியினின்றும் ஓய்ந்தது. அதன் இடத்தைப் பெற்ற ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பயணிகள் பலர் மாண்டனர். அத்தோடு அந்த நெடுவழியும் முடிவுற்றது. வானூர்தி ஒரு வாரத்தைச் சில மணி நேரமாகச் சுருக்கியது உண்மையே. ஆனால் அண்டை இருக்கையில் இருப்பவரின் ஊரும் பெயரும் அறியாமலே இன்று இறங்கிவிடுகிறோம்.

பள்ளிவாசல்களின் சுவர்களில் கல்வெட்டு இருக்கிறது. டெக் பயணிகளுக்கு என்ன இருக்கிறது? பாட்டனார் வைத்துப் போன தகரப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டும், கப்பல் சீட்டும், மங்கிய மையில் எழுதிய கடிதங்களும் இருக்கக்கூடும். வீடு இடித்துக் கட்டும்போது அவற்றைக் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். எழுதப்படாத நம் வரலாற்றின் முதல் ஏடுகள் அவையே.