ஈமு எண்ணெய் கற்பித்த பாடம்

மூட்டுவலிக்குப் பறவைக் கொழுப்பைத் தடவுதல் நம் நாட்டிற்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஈமுக் கொழுப்பை நெடுங்காலமாகத் தடவி வந்தனர். 1997ஆம் ஆண்டில் ஸ்னோடன், வைட்ஹவுஸ் என்னும் ஆய்வாளர் இருவர், மூட்டுவீக்கம் உண்டாக்கப்பட்ட எலிகளின் தோலில் அவ்வெண்ணெயைப் பூசிச் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். சில எண்ணெய்கள் வீக்கத்தைத் தணித்தன. சில அவ்வாறு செய்யவில்லை. பெயர் ஒன்றாயினும் குணம் ஒன்றன்று என்பதே அச்சோதனை காட்டிய உண்மை.

சந்தையோ அந்த வேறுபாட்டைக் கருதவில்லை. எண்ணெய்க்கும் இறைச்சிக்கும் பெருவிலை கிடைக்குமென்ற பேச்சை நம்பி, ஈரோட்டை அடுத்த பெருந்துறைப் பக்கம் பலர் ஈமுப் பண்ணைகளில் பணம் போட்டனர். 2012இல் அத்திட்டங்கள் சரிந்தன, சேமிப்புகள் கரைந்தன, பறவைகள் தீனியின்றித் தவித்தன.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பும் மாட்டுங்கா, தாராவி, செம்பூர்க் குடும்பத்தினராகிய நாம் இதனை மறத்தலாகாது. முன்னோர் வைத்தியத்தைப் பழித்தலும் வேண்டா; சோதியாது நம்புதலும் வேண்டா.