சொல்லாமல் விட்ட மதிப்பு

'வா' என்று ஒருவரை அழைக்கிறோம். வரவேண்டியவர் யார் என்பதை அச்சொல் கூறவில்லை. ஆயினும் 'நீ' என்பது அதனுள் அடங்கியிருப்பதைச் சிறு குழந்தையும் உணர்கிறது. இதனைத் தோன்றா எழுவாய் என்பர் இலக்கணத்தார். மனிதர்க்கு இத்துணை எளிதான இக்காரியம், குறியீடுகளைக் கையாளும் கணினி மொழிகளில் செம்மையாக அமைய ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பிடித்தது. அவ்வரலாற்றையே இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1958-ஆம் ஆண்டு ஜான் மெக்கார்த்தி என்பார் லிஸ்ப் என்னும் மொழியை உருவாக்கத் தொடங்கினார். 1960-இல் அதனை விளக்கும் கட்டுரை வெளிவந்தது. லிஸ்ப்பில் ஒரு செயற்கூற்றை எழுதுவோர், அது பெறவேண்டிய உள்ளீடுகளின் பெயர்களை, தருக்க அறிஞர் அலோன்சோ சர்ச் வகுத்த லாம்டா குறிமுறையில் வரிசையாக எழுதுவர். மூன்று பெயர் எழுதினால் மூன்று மதிப்பும் வந்தாக வேண்டும். பின்னர் எழுந்த மாக்லிஸ்ப்பில் இக்கண்டிப்பு சிறிது தளர்ந்தது. ஆனால் எத்தனை மதிப்புகள் வந்தன என்று எண்ணிப் பார்த்து, வராதவற்றை நிரப்பும் பொறுப்பு எழுதுவோர் தலையிலேயே விழுந்தது.

1970-களின் தொடக்கத்தில் அதே கழகத்தில் எம்.டி.எல். என்றொரு மொழி தோன்றியது. சோர்க் என்னும் புகழ்பெற்ற விளையாட்டு எழுதப்பட்டது அம்மொழியில்தான். 'இதற்குப் பின் வருவன கட்டாயமல்ல' என்று உள்ளீட்டுப் பட்டியலின் நடுவிலேயே ஓர் அடையாளச் சொல்லை இடும் வழக்கம் அதிலிருந்து வந்தது. லிஸ்ப் இயந்திரங்களின் மொழி அதனை ஏற்றது. 1984-இல் கை ஸ்டீல் எழுதிய நூலின் வழியே அறிமுகமான காமன் லிஸ்ப்பில் அது முழு வடிவம் பெற்றது. விடுபட்ட உள்ளீட்டுக்கு இயல்பு மதிப்பு ஒன்றைப் பெயரின் அருகிலேயே எழுதிவிடலாம். எழுதாவிட்டால் 'நில்' என்னும் மதிப்பை மொழியே கொள்ளும்.

இந்த நில் பொல்லாதது. லிஸ்ப்பில் 'பொய்' என்பதும் நில். வெறும் பட்டியலும் நில். நான் கற்பித்த ஒரு கல்லூரியில், தேறாத மாணவர்களுக்குக் கடிதம் அச்சிட ஒரு நிரல் எழுதினேன். பட்டியல் கொடுத்தால் அதிலுள்ளவர்களுக்கு மட்டும். கொடாவிட்டால் அனைவருக்கும் என்பது என் ஏற்பாடு. ஓர் ஆண்டு எல்லோரும் தேறினர். பட்டியல் வெறுமையாக வந்தது. என் நிரலோ பட்டியலே வரவில்லை என்று கொண்டு, வகுப்பு முழுமைக்கும் 'நீர் தேறவில்லை' என்று அச்சிட்டுக் குவித்தது! அலுவலகத்து முதியவர் ஒருவர், முதல் மாணவியின் பெயரைக் கண்டு திடுக்கிட்டு, உறைகளை அஞ்சலில் சேர்க்காமல் நிறுத்தினார். அவருக்கு லிஸ்ப் தெரியாது.

'இல்லை' என்று சொல்வது வேறு. ஒன்றும் சொல்லாதிருப்பது வேறு. காமன் லிஸ்ப்பை வகுத்தோர் இதனை அறிந்திருந்தனர். இயல்பு மதிப்புக்கு அடுத்து மூன்றாவதாக இன்னொரு பெயரையும் எழுதலாம் என வைத்தனர். அழைப்பவர் உண்மையிலேயே மதிப்புத் தந்தாரா என்பதை அது காட்டும். நூலில் அப்பகுதியை நான் புரட்டிச் சென்றிருந்தேன், அவ்வளவே.

1988-இல் ஸ்டீபன் வுல்ஃப்ரம் குழுவினர் வெளியிட்ட மேத்தமேட்டிகாவில் இக்கருத்து இயற்கணிதத்தோடு கைகோத்தது. க என்று தனியே எழுதினால், அதன் கெழு 1, அடுக்கு 1, அதனோடு கூட்டப்படுவது 0 என்று பள்ளியில் நாம் சொல்லாமலே கொள்கிறோம் அல்லவா? ஒரு வடிவத்தில் பெயரின் பின் அடிக்கோடும் புள்ளியும் இட்டால், பெருக்கலில் 1, கூட்டலில் 0 என்று அம்மொழியும் தானே கொள்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு.

அங்கே வரைபடம் போன்றவற்றுக்குரிய விருப்பத்தேர்வுகள் பலவும் பெயரிட்டுத் தரப்படுவன; வரிசை மாறினும் குற்றமில்லை. அவற்றுள் வரைபட எல்லையைக் குறிப்பதை மட்டும் நீங்கள் சோதித்துப் பாருங்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டால், மிக உயர்ந்தெழும் முகடுகளை அது வெட்டிவிடுவதுண்டு. 'அனைத்தும்' என்று கேட்டால் அதே வளைவு முழு உயரத்துடன் எழுந்து நிற்கும்.