வீட்டுப் பொருளும் ஊர் வரலாறும்

நாடாண்ட மன்னர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு. நெல் விதைத்தவர்க்கும் வலை வீசியவர்க்கும் அவை இல்லை. அவர்கள் கையாண்ட பொருள்களே அவர்தம் கல்வெட்டுகள். சிற்றூர் ஒன்றின் வரலாற்றை அறிய விழைவோர் அவ்வூரார் வீட்டுப் பெட்டகங்களையே நாட வேண்டும். திருகோணமலைக்குத் தெற்கே, கடலும் களப்பும் சூழ அமைந்த கிண்ணியா இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

கிண்ணியாவை அடுத்துள்ள கொட்டியாரக் குடா பழம்புகழ் வாய்ந்தது. புயலிற் சிதைந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் 1659இல் பழுது நீக்குதற்பொருட்டு இக்குடாவை அடைந்தது. அதில் வந்த ரொபேட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பட்டார். 19 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றிய தம் நூலை இலண்டனில் வெளியிட்டார். வந்து போனவர் எழுதி வைத்தார். வழிவழியாக அங்கே வாழ்ந்தவர் எழுதி வைத்தவையோ மிகச் சில.

அச்சிலவும் நிலைக்கவில்லை. நெடுங்காலப் போர் குடும்பங்களை இடம்பெயர்த்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கரையோர வீடுகளையும் வைத்தியசாலையையும் அழித்தது. கடலிற் போன உறுதிகளும் கையெழுத்துப் பிரதிகளும் மீளப் போவதில்லை.

காலமாற்றமும் பொருள்களை மறைக்கின்றது. 2009 அக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், திருகோணமலை வீதியில் மக்களைக் கரை சேர்த்த ‘பாதை’ ஓய்வு பெற்றது. ஆயினும், பாலவேலையின் காரணமாகக் குறிஞ்சாக்கேணியில் மீண்டும் பாதையை நம்ப நேர்ந்தது. 2021 நவம்பர் 23ஆம் நாள் அது கவிழ்ந்து, பள்ளிச் சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். எனவே பாதையின் வரலாறு வெறும் பழங்கதையன்று. நீர் சூழ்ந்த ஊரார் நாடோறும் ஏற்ற இடரின் வரலாறாகும்.

ஸ்கொத்லாந்துக்கு மேற்கே அத்திலாந்திக்கிற் கிடக்கும் செயின்ற் கில்டாத் தீவிலிருந்து 1930 ஆகஸ்ட் 29ஆம் நாள், எஞ்சியிருந்த 36 பேரும் தம் வேண்டுகோளின்படியே வெளியேறினர். அவர்கள் குடியிருந்த வீடொன்று இன்று சிறு நூதனசாலை. அங்கு பொருளைக் காணலாம். அதன் கதையைச் சொல்லும் தீவுவாசி அங்கு இல்லை.

கிண்ணியாவின் நிலை அத்தகையதன்று. நெல்லளந்த மரைக்கால், பன்பாய், தோணியின் துடுப்பு, அரபுத்தமிழ் ஏடு ஆகியவற்றின் பயனை எடுத்துரைக்கவல்ல முதியோர் இன்னும் உளர். பொருளைத் தருவோர் அது எவருடையது, எதற்குப் பயன்பட்டது, எவ்வாறு கைக்கு வந்தது என்பவற்றையும் உடன் எழுதித் தருதல் வேண்டும். அக்குறிப்பு இன்றேல் மரைக்கால் வெறும் மரமே. குறிப்போடு சேரின் அது ஊரின் உழவு வரலாறு.

இதற்கு வழிகாட்டிகளும் உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வாழ்க்கையைக் காட்டும் பூர்வீக நூதனசாலை 2015இல் காத்தான்குடியில் திறக்கப்பட்டது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகமோ, பலரும் உவந்தளித்த நூல்களையும் ஆவணங்களையும் படிமமாக்கிக் காக்கின்றது. பிரிய மனமில்லாத ஏட்டை வீட்டிலேயே வைத்துக்கொண்டு அதன் படிமத்தை மட்டும் ஊருக்கு அளித்தலும் இன்று இயலும்.

கடல் கொண்டதை மீட்டல் அரிது. பெட்டகத்தில் எஞ்சியிருப்பதைக் காத்தல் எளிது. அதன் கதையைச் சொல்ல ஒருவர் இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும்.